கோட்டை மதிலும் எச்சரிக்கைப் பலகையும்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் ஜோர்ஜ்டவுனில் எழுப்பிய கார்ன்வாலிஸ் கோட்டை, முதலில் நிபோங் மரத்தாலான வேலியே ஆகும். பின்னர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியக் கைதிகளின் உழைப்பால் அது செங்கல் மதிலாயிற்று. பினாங்கில் அரசின் காவல் அன்று சுவரைச் சார்ந்திருந்தது. பிற்காலத்தில் அது சட்டத்தைச் சார்ந்ததாயிற்று.

1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. அதற்கு முந்திய ஆண்டே தடைசெய்யப்பட்ட பகுதிகள், இடங்கள் பற்றிய சட்டம் கூட்டரசு முழுமைக்கும் இயற்றப்பட்டது; அவசரகாலம் நீங்கியும் அதன் காவல்முறை நீங்கவில்லை. இச்சட்டத்தில் 'பகுதி'யும் 'இட'மும் வேறு. பகுதிக்குள் இருப்போர் அதிகாரிகளின் கட்டளைக்குப் பணிதல் வேண்டும். இடத்திற்குள் அனுமதியின்றி நுழைதலே குற்றமாகும். மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஈண்டுச் சொல்லொன்று நோக்கத்தக்கது. ஆங்கில மூலம் இவற்றைக் 'காக்கப்படுபவை' என்றே குறிக்கின்றது. மலாய்ப் பெயரிலுள்ள 'லாராங்கான்' என்பதோ தடையைக் குறிப்பது. தமிழ் வழக்கும் மலாயையே பின்பற்றிற்று. காவல் தடையாகப் பெயர் மாறியது சிறு செய்தியன்று எனலாம்.

சிறப்புக் காவல் தேவைப்படும் இடங்களில், நுழைவோரின் உயிருக்கே ஊறு நேரக்கூடிய தற்காப்பு ஏற்பாடுகளுக்கும் இச்சட்டம் இடமளிக்கின்றது. எச்சரிக்கைப் பலகை முதலிய முன்னேற்பாடுகள் முறையாகச் செய்யப்பட்டிருப்பின், பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரவியலாது. எனவே, பலகையிலுள்ள தமிழ் வரி வெறும் மொழிமரியாதை அன்று. தமிழ் மட்டுமே படிக்க அறிந்த ஒருவர்க்கு அவ்வரி பிழைபட்டிருப்பின், அவர் எச்சரிக்கப்பட்டவராவாரா என்பது சட்டத்தார் மட்டும் ஆராய வேண்டிய வினாவன்று.