திறவுகோல் யார் கையில்?

எழுத்து இருக்கிறது; படிக்க இயலவில்லை. செல் அரித்த ஏடல்ல, தீ தின்ற ஏடல்ல. கணிப்பொறித் திரையிலே வரிவரியாக, பத்திபத்தியாக நிற்கிறது. ஆனால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் அணிவகுத்து நின்று, பொருளேதும் கூறாமல் நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கின்றன. ஜே, கே, பீ, ஓ, அடுத்து ஓர் அரைப்புள்ளி! இதென்ன மொழி? எந்த நாட்டுப் பேச்சு? அந்த ஐந்து குறிகளும் அவ்வரிசையில் நிற்குமிடத்தில் எழுதியவர் எழுதிய சொல் எது தெரியுமா, தோழர்களே? 'தமிழ்' என்ற சொல்!

'பாமினி' என்னும் எழுத்துருவில் அடித்துச் சேமித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் இக்கோலம்தான் காண்போம். 'கோப்பு கெட்டுவிட்டது' என்பார் ஒருவர். 'இனி அவ்வளவுதான்' என்று பெருமூச்செறிவார் மற்றொருவர். அழித்தும் விடுவார். கெட்டதா கோப்பு? இல்லை. எழுதியவர் இட்ட குறி ஒன்றேனும் மாறவில்லை. மாறியது, அக்குறிகளுக்குப் பொருள் சொல்லும் அட்டவணை ஒன்றே.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் ஒன்றே தெரியும். எந்தக் கோப்பானாலும், கவிதையானாலும் கணக்கானாலும், அடியிலே கிடப்பது எண்களின் வரிசை. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையுள்ள ஏதோ ஓர் எண். 'இந்த எண்ணுக்கு இந்த எழுத்து' என்பது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. மேற்சொன்ன ஐந்து குறிகளும் 106, 107, 112, 111, 59 என்னும் எண்கள். ஆங்கில அட்டவணை கொண்டு பார்த்தால் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி. பாமினி அட்டவணை கொண்டு பார்த்தால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இன்று உலகமெங்கும் வழங்கும் ஒருங்குறி அட்டவணையிலோ அதே சொல்லுக்கு 2980, 2990, 3007, 2996, 3021. சொல் ஒன்று, உடன்பாடு வேறு. மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அட்டவணை கிடைத்தால் கதவு திறக்கும். கிடைக்காவிடில் அறிவு கொண்டு அதனை ஆக்கிக்கொள்ளலாம்.

ஆக்கிக்கொள்ள முடியுமா என்று ஐயுறுவோர் வரலாற்றைப் புரட்டட்டும். வடநாட்டுத் தூண்களிலும் பாறைகளிலும் பிராமி எழுத்து பல நூற்றாண்டுக் காலம் படிப்பாரின்றிக் கிடந்தது. 1837-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் அதன் பூட்டைத் திறந்தார். எப்படி? தவமிருந்தா? வரம் வாங்கியா? சாஞ்சியிலே சிறுசிறு கல்வெட்டுகள் பலவற்றைப் பார்த்தார். அவை ஒரே இரண்டெழுத்தில் முடிவதைக் கண்டார். கோயில் கட்டடத்தில் தனித்தனியே பொறித்த சிறு வாசகங்கள் எதைக் கூறும்? கொடை தந்தார் பெயரையே கூறும் என்று எண்ணினார். அந்த இரண்டெழுத்தையும் 'தானம்' என்று கொண்டார், வேறிடங்களில் பொருத்திப் பார்த்தார், பொருந்தியது. திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடி, தெரிந்த சொல்லைக் கொண்டு ஊகம் செய், மற்ற இடங்களில் சோதித்துப் பார்! பகுத்தறிவுக்கு வேறு இலக்கணம் வேண்டுமோ?

தமிழகத்துக் குகைகள் தரும் பாடம் இன்னும் கூர்மையானது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். எழுத்து பிராமியின் இனம் என்பது தெரிந்ததுதான். தெரிந்தும் என்ன? வடபுலத்து மொழி என்று எண்ணி, வடபுலத்து அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பொருள் கைக்கு வரவில்லை. 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், அக்கல்வெட்டுகளில் தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன எழுத்துகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, மொழி தமிழே என்று நிறுவினார். வடபுல முறையில் ஒவ்வொரு மெய்யோடும் அகரம் ஒட்டியே கிடக்கும். இக்குகைகளிலோ மெய் மெய்யாகவே நிற்க, அகரத்துக்கும் தனிக்கோடு இடும் வழக்கம் இருந்தது. அந்த நுட்பமும் தெளிந்தபின், 1965-இல் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் 'நெடுஞ்செழியன்' என்ற பாண்டியன் பெயரைப் படித்துக் காட்டினார். கல் மாறவில்லை, கோடு மாறவில்லை. சரியான அட்டவணை வந்து சேர்ந்தது. மன்னன் பெயர் வெளிவந்தது!

கல்லுக்கு நேர்ந்ததே கணிப்பொறிக்கும் நேர்ந்தது. தமிழ் எழுத்து 247. அந்நாளையப் பொறி தந்த இடமோ 256. அதிலும் முதற்பாதி ஆங்கிலத்துக்கு. எஞ்சிய இடத்தில் 247 எழுத்தும் அடங்குமோ? அடங்காது. ஆகவே எழுத்தைத் துண்டாக்கினர்: கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. எந்தத் துண்டு எந்த எண்ணில் என்பதை ஒவ்வொரு எழுத்துரு ஆக்கியவரும் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். பாமினியைப் போல, தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை ஒட்டி ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை அமர்த்தியோரும் உண்டு. ஏட்டுக்கொரு எழுத்துரு, கடைக்கொரு குறியீடு! ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க, அவரிடமே எழுத்துருவையும் வாங்கவேண்டும். தமிழனுக்குத் தமிழன் எழுதிய மடல், இடையிலே ஒரு வணிகச் சரக்கு இல்லாமல் போய்ச் சேராது என்ற நிலை.

இந்நிலை கண்டு வாளாவிருக்கவில்லை அறிஞர்கள். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ்க் கணிமை அறிஞர்கள் மாநாடு கூடினர். பல நாட்டுத் தமிழர்கள் மின்மடலிலேயே விவாதித்து, தஸ்கி எனப்படும் குறியீட்டு முறையை ஆக்கி, அட்டவணையை எல்லோருக்கும் பொதுவாக வைத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு; மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த தமிழக அரசு, தமிழ் மட்டும் எழுத 'டாம்' என்றும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து எழுத 'டாப்' என்றும் இரு முறைகளையும், 'தமிழ் 99' விசைப்பலகையையும் அறிவித்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்', தொண்டர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கி விலையின்றி வழங்கியது. தஸ்கியில் வெளியிட்டவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. மாற்ற முடிந்தது ஏன்? தஸ்கியின் அட்டவணை திறந்து கிடந்ததால்! பூட்டி வைத்திருந்தால் அத்தனை தொண்டர்களின் உழைப்பும் ஓர் எழுத்துருவின் ஆயுளோடு முடிந்திருக்கும்.

இனி, அறிமுகமில்லாத கோப்பொன்று கைக்கு வந்தால் செய்யவேண்டியது யாது? முதலில், மூலத்தைத் தொடாதே; படியெடுத்து வைத்துக்கொண்டு படியிலே வேலை செய். அடுத்து, பெயரைக் கண்டு ஏமாறாதே, உள்ளே பார்! கோப்பின் வால்பெயரை எவரும் மாற்றலாம். ஆனால் பலவகைக் கோப்புகளின் தலையிலே அடையாள எண்கள் நிற்கும். 80, 75 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் 'சிப்' என்னும் சுருக்குப்பை. அவை பீ, கே என்னும் எழுத்துகள், அதனை ஆக்கிய ஃபில் கட்ஸ் என்பாரின் பெயரெழுத்துகள். இன்று வழங்கும் ஆவணக் கோப்புகள் பலவும் இப்பைக்குள்ளேதான் இருக்கின்றன; அவிழ்த்தால் உள்ளே எழுத்து வெளிப்படையாகக் கிடக்கும்.

எழுத்து வெளிப்பட்டும் படிக்க முடியாவிடில் பிரின்செப்பின் வழியே நம் வழி. தமிழில் அடிக்கடி வருவது எது? மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி. ஆகவே, சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி தெறித்துக் கிடந்தால், அங்கே அரைப்புள்ளிதான் புள்ளி என்று ஊகிக்கலாம். சொற்கள் பல ஒரே இரண்டு குறிகளில் முடிகின்றனவா? 'ம்' ஆகலாம். இரண்டு எழுத்து தெரிந்தால் மூன்றாவது தானே வரும். ஒரு பக்கத்துக்குள் அட்டவணையின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

அட்டவணை வந்ததும் எண்ணுக்கு எண் மாற்றினால் வேலை முடிந்ததா? முடியாது. பழைய முறைகள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்தன; ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. 'கொள்கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாமினியில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால், ள, புள்ளி, அதன்பின் ஐகாரக் குறி, இறுதியில் க. ஒருங்குறியில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி ஒன்றே, ள, புள்ளி, க, அதன்பின் ஐகாரக் குறி. இடம் மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றினால் கொள்கை குலைந்துவிடும்! ஆகவே மூன்று துண்டு சேர்ந்த கூட்டை முதலில் மாற்றவேண்டும், இரண்டு துண்டு அடுத்து, தனித்துண்டு கடைசியில்.

இன்னும் உண்டு இடர். கால் வடிவின் மேலேயே புள்ளி இட்டு 'ர்' என்று அடிப்பது பழைய தட்டச்சு வழக்கம்; பொறி அதைக் காலென்றே கொள்ளும். காலின் மேல் புள்ளி வராது என்ற இலக்கணத்தைப் பொறிக்கு நாம் கற்பிக்கவேண்டும். 'கௌதமன்' என்ற பெயரின் ஔகாரக் குறியில் வலப்பக்கம் நிற்பது ளகரத்தின் வடிவம். கவனமில்லா மாற்றம் அவரைக் 'கெளதமன்' ஆக்கிவிடும். தமிழுக்கிடையே வந்த ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று எண்ணி மாற்றினால் பிறப்பது பிதற்றல். பொறி மாற்றித் தரும். மனிதனே படித்துப் பார்த்து ஒப்பவேண்டும்.

ஒருங்குறி மட்டும் குற்றமற்றதோ என்று கேட்பர் சிலர். கேட்கவேண்டிய கேள்விதான். 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டுக் குறியீட்டு அமைப்பைத் தழுவித் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. அகரமேறிய மெய்யை அடிப்படையாக வைத்து, அதன்மேல் புள்ளியிட்டு மெய்யைப் பெறும் முறை அது. மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் என்னும் தமிழிலக்கணத்துக்கு இது தலைகீழ் என்று அறிஞர்கள் எதிர்த்தனர். எழுத்துக்கு ஓரிடம் என்ற அனைத்தெழுத்துக் குறியீட்டை, டேஸ்-16 என்ற பெயரில் வகுத்தனர். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அது இயங்காத மென்பொருள்களுக்கு இந்த அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. குறை இருக்கிறது, மறைப்பானேன்? ஆயினும் ஒருங்குறியின் அட்டவணை உலகறிந்தது. எவர் உடைமையும் அன்று. எந்தப் பொறியும் படிக்கும். குறையுள்ள பொது அட்டவணையை வாதாடித் திருத்தலாம். மறைத்து வைத்த அட்டவணை எவ்வளவு நேர்த்தியானதாயினும், அதை வைத்திருப்பவன் வாயிலிலே நாம் கைகட்டி நிற்கவேண்டும்.

கைகட்டி நின்ற வரலாறு நமக்குப் புதிதல்ல. எழுத்தும் நூலும் சிலருக்கே உரியன என்று வேலியிட்டிருந்த காலம் உண்டு. பொருள் கேட்டால், 'சொல்லக்கூடாது' என்பது விடை. அந்த வேலியை வெட்டி எறிந்தது, எழுத்து எல்லோருக்கும் பொது என்ற முழக்கம். எழுத்து வடிவமும் மனிதன் ஆக்கியதே, மனிதன் மாற்றலாம் என்று 1935-இல் பெரியார் சீர்திருத்த எழுத்தைக் கைக்கொண்டார். 1978-இல் தமிழக அரசு அதனை ஏற்றது. ஓலைக்கு ஒப்பியது கோப்புக்கு ஒவ்வாதோ?

நம் ஊர் மன்றங்களின் தீர்மானங்கள், தொழிற்சங்கங்களின் பதிவுகள், மறைந்த எழுத்தாளர்களின் கையெழுத்துப் படியிலிருந்து அச்சுக்காக அடித்த பக்கங்கள் ஆகிய எத்தனையோ, பழைய ஃப்ளாப்பிகளிலும் குறுந்தகடுகளிலும் அழிந்த எழுத்துருக்களின் சிறையிலே கிடக்கின்றன. கல் ஈராயிரம் ஆண்டு காத்திருந்தது. காந்தத் தகடு அவ்வளவு காத்திராது. படிப்பகத்துக்கு இரண்டு இளைஞர்கள் முன்வந்தாலும் போதும். தேடி எடுங்கள், படி எடுங்கள், அட்டவணையைக் கண்டறியுங்கள், மாற்றியதை மூலத்தோடு வைத்துப் படித்துப் பாருங்கள். மூலக் கோப்பையும் கைவிடாதீர்கள். நம் மாற்றத்தில் பிழை இருந்தால் நாளை வருவோர் அதைக் கொண்டே திருத்துவர்.

முடித்தபின் இன்னொன்று செய்யவேண்டும். கண்டறிந்த அட்டவணையை எழுதி, கோப்புக்குப் பக்கத்திலேயே, எவரும் காணும்படி வையுங்கள். பிரின்செப் கண்டதை அச்சிட்டு வெளியிட்டதால்தான் பின்னோர் மேலே நடந்தனர். திறந்தவன் திறவுகோலைத் தன் மடியிலே முடிந்துகொண்டால், பழைய பூட்டுக்காரனுக்கும் அவனுக்கும் வேறுபாடென்ன?