கொங்குநாட்டு மணியும் மணிவினைஞரும்

மண்ணினின்றும் அகழ்ந்தெடுத்த கல் அப்பொழுதே மணியாகிவிடுவதில்லை. வினைவல்லான் கைப்பட்டுத் தேய்ந்து, துளையுண்டு, மெருகேறிய பின்னரே அஃது அணிகலனாதற்கு உரியதாம். இவ்வுண்மையை ஐயமற விளக்குவது கொங்குநாட்டுக் கொடுமணல்.

இவ்வூர் ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரைக்கண் உளது. இதற்கு அணித்தான காங்கேயப் பகுதியிலே, படியூரிற் பெரில் எனப்படும் பச்சைக்கல்லும், சிவன்மலைச் சூழலிற் குருந்தக்கல்லும் நிலத்தே விளைவன. நீலமும் செம்மணியும் குருந்தத்தின் வகைகளேயாம். மேனாட்டார் அக்கல்லைக் ‘கொரண்டம்’ என வழங்குவதும் நம் தமிழ்ச் சொல்லின் திரிபே. வைரத்திற்கு அடுத்த வன்மையுடைய கற்களுள் ஒன்றாகலின், அதன் பொடியாற் பிற கற்களைத் தேய்த்து மெருகிடுதல் எளிதாம்.

1985-ஆம் ஆண்டு முதலாகத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கொடுமணலை அகழ்ந்தனர். ஆங்கே நீலம், பச்சைக்கல், பளிங்கு முதலியவற்றின் மூலக்கற்களும், வினை முற்றாத மணிகளும், முற்றிய மணிகளும் கிடைத்தன. பிறநாட்டினின்றும் வந்த சூதுபவளமும் உடன் காணப்பட்டது. கல் கிடைக்கும் இடமாக மட்டுமன்றி, கல்லை மணியாக்கும் தொழிற்களமாகவும் அவ்வூர் திகழ்ந்தமை இதனாற் பெறப்படும்.

பதிற்றுப்பத்தினுட் கபிலரும் அரிசில்கிழாரும் சேரவேந்தரைப் பாடுங்கால், கொடுமணம் என்னும் ஊரைச் சுட்டி அரிய கலங்களைப் பேசுவர். அக்கொடுமணமே இக்கொடுமணல் என்பர் ஆராய்ச்சியாளர். கி.பி. 79-இல் இறந்த உரோமப் பேராசிரியர் பிளினி, பச்சைக்கல் இந்தியாவிலன்றிப் பிறவிடத்து அரிதென்றும், ஆறுபட்டையாகத் தீட்டினாலன்றி அஃது ஒளி மழுங்கித் தோன்றுமென்றும், இந்தியர் அதனைத் துளைத்து யானைமயிரிற் கோப்பரென்றும் எழுதினார். பளிங்குக்கு நிறமூட்டிப் போலிமணி செய்தலும் இந்தியர் அறிவர் என அவர் கூறியது பழிப்பாயினும், கைத்திறனுக்குச் சான்றாதலின் மறைத்தற்குரியதன்று. கோவைப் பக்கத்து வெள்ளலூரில் உரோமக் காசுகள் புதையலாகக் கிடைத்தமை அந்நாட்டினரோடு நிகழ்ந்த வாணிகத்தைக் காட்டும்.

பாடல் வேந்தரைப் புகழ்ந்தது. பிளினியின் நூல் கல்லைப் புகழ்ந்தது. மணியைச் செய்தார் பெயரை இரண்டும் உரைத்தில. எனினும் கொடுமணற் பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தாற் கீறிய ஆட்பெயர்கள் பல உள. அவற்றுள் மணிவினைஞர் பெயர் எவையெனத் துணிதல் அரிது. ஆயினும் அத்தொழிலூரில் வாழ்ந்த எளிய மக்கள் தம் பெயரைத் தாமே எழுதத்தக்க கல்வியுடையராயிருந்தனர் என்பது அவ்வோடுகளாற் புலனாம். மணிகள் கடல் கடந்து சென்றன. அம்மக்களின் பெயரைக் காத்து நின்றது சுட்ட மண்ணே. ஆகலின் நம் நாட்டு மணிவளம் பேசுவார், நிலத்தின் பேற்றோடு அக்கைகளின் உழைப்பையும் ஒருங்கு வைத்துப் போற்றுதல் கடனாம்.