இரண்டு துரைகள்

பல மேலதிகாரிகளின் கீழ் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கீழே இருப்பவன் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு உத்தரவு போடுகிறவர் ஒரு வகை. படிக்காமலே போடுகிறவர் இன்னொரு வகை. நம் புதுச்சேரி இந்த இரண்டு வகையையும் 18ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது.

1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த டூப்ளே பேராசைக்காரர்தான். ஆனாலும் உள்ளூர் சங்கதிகளில் ஆனந்தரங்கப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பார். பிள்ளையின் நாட்குறிப்பில் அந்தப் பேச்சுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

1758இல் வந்த லாலி தைரியசாலி. சில வாரங்களிலேயே கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தார். ஆனால் ஊரை அறிந்தவர்களின் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. பாரம் இழுக்க ஆளில்லை என்று, சாதி வழக்கம் பாராமல் ஊராரைப் பிடித்து வண்டியில் பூட்டினார். தக்காணத்தில் நிஜாமிடம் செல்வாக்கோடு இருந்த புஸ்ஸியைத் திருப்பி அழைத்தார். புஸ்ஸிக்கு அதில் சம்மதமே இல்லை. மறு ஆண்டே மசூலிப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1760இல் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். 1766இல் பாரீசில் லாலியின் தலை போயிற்று.

பணமும் கப்பலும் போதவில்லை, அதனால்தான் தோற்றார் என்று எங்களுக்குப் பிரெஞ்சுப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கையில் ஒன்றும் இல்லாதபோதுதானே ஊர்க்காரனின் தயவு அதிகம் வேண்டும்? அதை லாலி வந்த வருஷமே தொலைத்துவிட்டார்.