வெசாக் விடுமுறை வந்த கதையும் நமது பெருநாளும்



ஹிஜ்ரி வருடப் பிறப்பைப் பொதுவிடுமுறையாக்க வேண்டும் என்று நம்மில் சிலர் அவ்வப்போது கேட்பதுண்டு. கேட்பதில் பிழையில்லை. ஆனால் இந்த நாட்டில் ஒரு சமயத் தினம் விடுமுறையான வரலாற்றை அறிந்துவிட்டுக் கேட்பது நல்லது.

வெசாக்கை எடுத்துக்கொள்வோம். நாட்டின் பெரும்பான்மை மக்களுடைய பெருநாள் அது. ஆனாலும் ஆங்கிலேயர் ஆட்சியில் 1885 வரை அதற்கு விடுமுறை கிடைக்கவில்லை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. பெரும் கலவரம் மூண்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற கொதிப்பு பௌத்தர்களிடம் இருந்தது. 1884 ஜனவரியில் அவர்கள் ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்து, அமெரிக்கரான கேர்ணல் ஒல்கொட்டைத் தம் சார்பில் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் குடியேற்ற நாட்டுச் செயலாளர் டார்பி பிரபுவிடம் முன்வைத்த கோரிக்கைகளில் வெசாக் விடுமுறை ஒன்று மட்டுமே. பௌத்த விவாகப் பதிவாளர்கள் வேண்டும் என்பதும் அவற்றுள் இருந்தது. அடுத்த வருடம் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் காலத்தில் வெசாக் விடுமுறையானது. 1885 ஏப்ரல் 28 அன்றுதான் பௌத்தக் கொடியும் முதன்முதலில் ஏற்றப்பட்டது.

ஆக, அந்த விடுமுறைக்குப் பின்னால் ஒரு கலவரமும், தீராத ஒரு நீதிக் குறையும், ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு மனுவும் இருந்தன. வெறுமனே "எங்களுக்கும் ஒரு நாள் தாருங்கள்" என்று கேட்டு வந்ததல்ல.

விடுமுறையை அளவுக்கு மீறி நீட்டிய அனுபவமும் நமக்குண்டு. 1966 இல் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, மாதத்தின் நான்கு போயா தினங்களையும் வாராந்த விடுமுறையாக்கியது. சந்திரன் ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படுமா? சில வாரங்களுக்கு எட்டு நாள் வந்தது. வெளிநாட்டு வர்த்தகம் குழம்பியது. ஜும்ஆ நாள் நமக்கு முன்பும் வேலை நாள்தான். கிறிஸ்தவச் சகோதரர்கள்தான் ஞாயிறு ஆராதனையையும் வேலையையும் ஒன்றாகச் சமாளிக்க வேண்டியிருந்தது. 1971 இல் ஞாயிறு திரும்பி வந்தது. அவ்வருடத்து 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின்படி பௌர்ணமிப் போயா மட்டும் எஞ்சியது.

இனி நமது விடயம். விடுமுறை நாட்காட்டியைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என மூன்று குறியீடுகள் இருக்கும். ஆசிரியர்களாகிய நாம் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறோம். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பொது, வங்கி விடுமுறைகள்தான். வர்த்தக விடுமுறைகள் அல்ல. போயா தினங்களுக்குப் புறம்பாக அந்தப் பட்டியலில் உள்ளவை எட்டு நாட்கள். அவற்றில் நமக்குரியது மீலாதுன் நபி மட்டும்தான். மீலாதைக் கொண்டாடலாமா கூடாதா என்று நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பெருநாள் தொழுகையில் அப்படி எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைக்குச் சட்டப்படி விடுமுறை உள்ள நாள் மீலாத். பெருநாளுக்கு அவர் தன் சொந்த லீவைப் போட வேண்டும், அல்லது முதலாளியின் மனதை நம்பியிருக்க வேண்டும்.

புதிய நாள் ஒன்றைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்பதே முறை என்பது நமது அபிப்பிராயம். பிறை முதல் நாள் இரவுதான் உறுதியாகும், நிறுவனங்கள் எப்படித் திட்டமிடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாட்காட்டியில் அச்சிட்ட நாளையே விடுமுறையாக வைத்து, பிறை மாறினால் முஸ்லிம் ஊழியருக்கு அதை மாற்றிக் கொடுக்கலாம் என ஒரு வரி சேர்த்தால் போதும். தீபாவளிக்கும் மகா சிவராத்திரிக்கும் பெரிய வெள்ளிக்கும் இதே நிலைதான். அவையும் பொது, வங்கி விடுமுறைகளே. மனு எழுதுவதாக இருந்தால் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுவோம். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கடை முதலாளிமாரும் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.