பூட்டு ஊர்க்காரன் பார்வையில் ரங்கநாதன்

திண்டுக்கல்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு பிரியாணி, இன்னொண்ணு பூட்டு. (பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.) இந்தப் பதிவு பூட்டைத் திறந்துவிட்ட ஒரு கணக்கு வாத்தியாரைப் பத்தினது.

பேரு எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தார். வந்த கொஞ்ச நாள்லயே வெறுத்துப் போய், திரும்ப வகுப்புக்கே போயிடறேன்னு கேட்டிருக்கார். முதல்ல லண்டன் போய்ப் பயிற்சி எடுத்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்னு அனுப்பி வெச்சாங்க. அங்கே ஊர் ஊரா நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். சின்னப் பசங்க முதல் பெரியவங்க வரைக்கும் சாதாரண ஜனங்க புழங்குற நூலகங்கள். திரும்பி வந்தது வேற ரங்கநாதன்.

அவர் பிடிவாதமா நின்ன விஷயம், வாசகனை அலமாரி பக்கத்துலயே விடணும்ங்கிறது. சீட்டுல பேர் எழுதிக் கொடுத்து, உள்ளேயிருந்து ஒருத்தர் எடுத்துட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கிறது பழைய முறை. அதுல ஒரு சிக்கல் இருக்கு. எந்தப் புத்தகம் வேணும்னு முன்னாடியே தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் அது உதவும். பதினாலு வயசுப் பையனுக்கு என்ன வேணும்னு எப்படித் தெரியும்? கையில எடுத்து, நாலு பக்கம் புரட்டி, வெச்சுட்டு, அடுத்ததை எடுத்தாத்தானே தெரியும்.

1931-ல் அவர் நூலகத்துக்கு அஞ்சு விதிகள் எழுதினார். அதுல முதல் விதியோட சாரம், புத்தகம் இருக்கிறது பயன்படுத்தத்தான், பாதுகாத்து வைக்க இல்லைங்கிறது. இதைச் சொல்ல ஒரு விதியான்னு தோணும். ஆனா மத்திய கால ஐரோப்பாவில் புத்தகத்தை அலமாரியோட சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க. நம்மூர்ல சங்கிலி இல்லை, பீரோ உண்டு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல (பேர் வேண்டாம்) நூலகம்னா தலைமையாசிரியர் அறையில நிக்கிற ஒரு கண்ணாடி பீரோ. ஆறு வருஷத்துல அது திறந்து நான் பார்த்தது ஆய்வு அதிகாரி வந்த அன்னிக்கு மட்டும்தான். பூட்டு சுத்தமான திண்டுக்கல் பூட்டு, குறை சொல்ல முடியாது :-)

அதே 1931-ல் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி கிராமம் கிராமமா கொண்டு போனாங்க. ரங்கநாதன் அதோட நிக்கலை. நூலகம் யாரோ போடுற தர்மமா இருக்கக் கூடாது, சட்டமா வரணும்னு வருஷக்கணக்கா அலைஞ்சார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரா இருந்தப்ப, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோட நூலக வரி சேர்ந்து போறது அதனாலதான். ஆக, கிளை நூலகத்துல நீங்க எடுக்கிற புத்தகத்துக்கு உங்க அப்பா ஏற்கனவே காசு கட்டிட்டார்.

சரி, அலமாரி திறந்தாச்சு. உள்ளே என்ன இருக்கு? இங்கேதான் எனக்கு ஆதங்கம். ஒரு பக்கம் சிறுவர் நூல்கள், இன்னொரு பக்கம் பெரியவங்க நாவல்கள். நடுவுல பன்னிரண்டு வயசுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் பெரிய ஓட்டை. நாங்க எல்லாம் காமிக்ஸ்ல இருந்து ஒரே தாவா ராஜேஷ்குமாருக்குத் தாவினவங்க. இளையோர் இலக்கியம்னு சொல்லலாம்தான், ஆனா அந்தப் பேர்ல ஒரு தட்டை எங்க ஊர்ல நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் 2010-ல் சாகித்திய அகாடமி முதல் தடவையா பால சாகித்திய விருது கொடுத்தப்ப, தமிழுக்கு வாங்கினவர் நம்ம திண்டுக்கல் மா.கமலவேலன். 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்காக. ரெண்டே வருஷத்துல, 2012-ல், திண்டுக்கல்ல வக்கீலா இருந்த டி.செல்வராஜ் 'தோல்' நாவலுக்கு அகாடமி விருது வாங்கினார். எங்க ஊர்த் தோல் ஷாப் தொழிலாளிகளோட கதை. பத்தாங்கிளாஸ் படிக்கிற பேகம்பூர்ப் பையன் அதைக் கேட்டா, இது உனக்கு எதுக்குடா, பரீட்சைக்குப் படிம்பாங்க. அவன் தாத்தா வேலை பார்த்த இடத்தைப் பத்தின புத்தகமா அது இருக்கலாம்.

அமெரிக்க நூலகச் சங்கம் 1939-ல் நூலக உரிமைகள்னு ஒரு அறிக்கை போட்டது. வயசைக் காரணம் காட்டி நூலகத்தை மறுக்கக் கூடாதுங்கிறதை அதுல சேர்க்க 1967 ஆச்சு. அங்கேயும் கடைசியாத்தான் பசங்க ஞாபகம் வந்திருக்கு. நம்ம பக்கம் இன்னும் மோசம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. ஆங்கில மாணவர்களுக்கு வெச்சிருந்த அருந்ததி ராய் புத்தகத்தை, ஏபிவிபி புகார் கொடுத்ததும் 2020-ல் பாடத்திட்டத்துல இருந்து தூக்கிட்டாங்க. ஓட்டுப் போடுற வயசு தாண்டினவங்களுக்கே இந்தக் கதி. பதினாலு வயசுக்காரனுக்குப் புகார்கூட வேண்டாம், பெரியப்பா ஒரு முறை முறைச்சாப் போதும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, எட்டாவது படிக்கிற அக்கா பையனைக் கிளை நூலகத்துல உறுப்பினராச் சேர்த்து விடப் போறேன். எதை எடுக்கிறான்னு எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு அக்காகிட்ட இப்பவே சொல்லியாச்சு. "நீ மொதல்ல சேர்த்து விடு, அப்புறம் பார்க்கலாம்"னு இருக்கு அக்கா.