மனிதவியல் ஆய்விதழ்களின் மின்பதிப்பு

மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் முதலிய துறைகளின் ஆய்விதழ்களை அச்சுக்கு மாற்றாகவோ துணையாகவோ கணினி வலைப்பின்னல் வழியே வெளியிடுவது. மின்னிதழ் கணினி அறிவியலாரின் கருவி என்ற எண்ணம் இன்றும் பரவலாக உண்டு. ஆனால் மின்னிதழின் முன்னோடிகளில் இலக்கியப் பேராசிரியர்களும் கிரேக்க, இலத்தீன் அறிஞர்களும் அடங்குவர்.

மின்னஞ்சல் காலம்

1990 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 'போஸ்ட்மாடர்ன் கல்ச்சர்' முதல் இதழ் வந்தது. ஜான் அன்ஸ்வொர்த், ஏயல் அமிரன் இருவரும் அதைத் தொடங்கிய ஆசிரியர்களுள் முக்கியமானவர்கள். துறை அறிஞர்களின் மதிப்பீட்டுக்கு உட்படுத்திக் கட்டுரைகளை வெளியிட்ட முதல் மனிதவியல் மின்னிதழ் இது எனக் கொள்வதே பொருத்தம். வையவிரிவு வலை அப்போது பொதுப் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. 'லிஸ்ட்சர்வ்' என்னும் மின்னஞ்சல் மென்பொருள்தான் இதழைக் கொண்டுசேர்த்தது. சந்தாதாரருக்குப் பொருளடக்கமும் கட்டுரைச் சுருக்கங்களும் அஞ்சலில் வரும். வேண்டிய கட்டுரையின் கோப்புப் பெயரைக் குறித்து ஒரு வரிக் கட்டளை அனுப்பினால், முழுக் கட்டுரையும் வந்துசேரும். இதற்குக் கட்டணமில்லை. மின்னஞ்சல் வசதி இல்லாதவர்கள் பணம் கட்டி நெகிழ்வட்டிலோ நுண்படத்தாளிலோ பெறலாம். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸின் 'போஸ்ட்மாடர்ன் பிளாக்னஸ்' கட்டுரை முதல் இதழிலேயே இடம்பெற்றது. பிற்காலத்தில் பலமுறை மறுபதிப்பான அக்கட்டுரை, மின்னிதழில் வருவதெல்லாம் இரண்டாந்தரம் என்ற ஏளனத்துக்குப் போதிய பதில்.

அச்சிதழில் பக்க எண் உண்டு. மேற்கோள் காட்டுவோர் அதையே குறிப்பர். மின்னஞ்சலில் பக்கம் ஏது? ஒவ்வொருவர் திரையிலும் வரிகள் வெவ்வேறாக மடங்கும். ஆகவே பத்திகளுக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் வரிசை எண் இட்டனர். 'பத்தி 14' என்று சுட்டினால் எந்தக் கணினியிலும் இடம் மாறாது. கண்ணுக்கு எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, பக்க எண்ணைவிடத் துல்லியமானது. பின்வந்த இதழ்களில் பல இதைக் கைவிட்டு அச்சுப் பக்கத்தைப் போலி செய்யும் பி.டி.எஃப். கோப்புக்குத் திரும்பியது ஒரு பின்னடைவே.

எழுத்துரு இன்னொரு தொல்லை. அன்றைய மின்னஞ்சல் நம்பத்தக்க வகையில் சுமந்தது ஆஸ்கி முறையின் 128 குறிகளை மட்டுமே. சாய்வெழுத்துக்கு வழியில்லாததால் நூற்பெயரின் இருபுறமும் அடிக்கோடு இட்டார்கள். வடமொழிச் சொற்களை எழுத இந்தியவியலார் கியோட்டோ-ஹார்வர்டு முறையைக் கையாண்டனர். அதில் நெடில்களுக்கும் நாமடி ஒலிகளுக்கும் உரோமன் பெரிய எழுத்துகளே அடையாளம். ஹார்வர்டின் மைக்கேல் விட்செல் 1995இல் தொடங்கிய வேத ஆய்வு மின்னிதழ் இந்தச் சூழலில் பிறந்ததுதான்.

1990இல் தோன்றிய இன்னொன்று 'பிரின் மார் கிளாசிக்கல் ரிவ்யூ'. ரிச்சர்ட் ஹாமில்டனும் ஜேம்ஸ் ஓ'டானலும் நிறுவியது. கிரேக்க, இலத்தீன் ஆய்வு நூல்களுக்கு மதிப்புரை மட்டுமே வெளியிடுவது. அச்சிதழ்களில் ஒரு நூலுக்கு மதிப்புரை வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் நூல் பழசாகிவிடும். இந்த இதழிலோ மதிப்புரை ஆயத்தமானதும் அஞ்சலில் போய்விடும். தொடக்கத்தில் அச்சுப்படியும் உடன் வந்தது. இவ்விதழ் இன்றும் இலவசமாகவே வருகிறது. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1991இல் 'சுர்ஃபாஸ்' என்னும் மின்னிதழ் தோன்றியது.

அச்சிலிருந்து வலைக்கு

மேற்கண்டவை மின்வடிவிலேயே பிறந்தவை. அச்சில் குவிந்துகிடந்த பழைய இதழ்களின் கதை வேறு. அமெரிக்காவின் டெனிசன் பல்கலைக்கழக நூலகத்தில் இதழ்த் தொகுதிகளை வைக்க இடமில்லை என்ற பேச்சிலிருந்து ஜேஸ்டோர் என்னும் மின்னிதழ்க் காப்பகம் பிறந்தது. மெலன் அறக்கட்டளைத் தலைவர் வில்லியம் போவன், கட்டடம் கட்டுவதைவிட இதழ்களை வருடிச் சேமிப்பது மலிவு என்று கண்டார். 1995இல் தனி நிறுவனமான ஜேஸ்டோர் வரலாறு, பொருளியல் துறைகளின் பத்து இதழ்களோடு சோதனை தொடங்கியது. திரையில் தெரிவது பக்கத்தின் படம். அடியில் மறைந்திருக்கும் எழுத்துப்படிதான் தேடலுக்கு உதவுவது. பதிப்பகங்களின் சந்தா வருமானம் கெடாமலிருக்க, அண்மைய மூன்று முதல் ஐந்தாண்டு இதழ்களை விட்டுவைக்கும் 'நகரும் சுவர்' ஏற்பாடு வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகமும் அதன் நூலகமும் 1995இல் வலையேற்றிய 'புராஜெக்ட் மியூஸ்' நடப்பு இதழ்களுக்கானது. இரண்டும் இலாப நோக்கற்றவை என்றாலும், சந்தா கட்டாத கல்லூரி மாணவருக்குப் பெரும்பாலும் கதவு மூடியே இருந்தது.

திறந்த அணுக்கம்

ஜான் வில்லின்ஸ்கி கனடாவில் தொடங்கிய திட்டம் 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' என்ற இலவச மென்பொருளை வழங்கியது. கட்டுரை பெறுதல், மதிப்பீட்டுக்கு அனுப்புதல், வெளியிடுதல் யாவும் அதிலேயே நடக்கும். 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை, யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்னும் திறந்த அணுக்கத்துக்கு வரையறை தந்தது. படிப்போர் பணம் கட்டாவிட்டால் செலவை யார் ஏற்பது? அறிவியலில் எழுதுவோர் ஆய்வு நல்கையிலிருந்து இதழுக்குக் கட்டுரைக் கட்டணம் செலுத்துவார்கள். வரலாற்று ஆசிரியருக்கு அத்தகைய நல்கை அரிது. இதற்கு மாற்றாக மார்ட்டின் ஈவும் கேரலின் எட்வர்ட்ஸும் இலண்டனில் நிறுவிய 'ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிட்டீஸ்' 2015 முதல் நூலகங்களின் ஆண்டுப் பங்களிப்பில் இயங்குகிறது. எழுதுவோரும் படிப்போரும் எதுவும் கட்டுவதில்லை.

தமிழில்

தமிழ் எழுத்துகள் 1991இல் யூனிகோடு குறிமுறையின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றன. ஆயினும் கட்டுரையாளர் பலர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே நெடுங்காலம் தட்டச்சு செய்தனர். அப்படி உருவான பி.டி.எஃப். கோப்பில் 'சிலப்பதிகாரம்' என்று தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் விழும். இலங்கையில் 'ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளம் பல இதழ்களை ஒரே இடத்தில் தருகிறது. இந்தியாவில் தரமான இதழ்களை அடையாளங்காணப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கொண்டுவந்த 'கேர்' பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இதழ்களின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே உள்ளது.