தமிழ்நாட்டுச் சிறை நிர்வாகமும் சீர்திருத்தமும்

தமிழ்நாட்டுச் சிறைகளை மாநில அரசின் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை நிர்வகிக்கிறது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் சிறை மாநிலப் பட்டியலில் வருவதால் கட்டடம், பணியாளர், உணவு, மருத்துவம் ஆகிய அனைத்தும் மாநில அரசின் பொறுப்பு. டி.ஜி.பி. அல்லது கூடுதல் டி.ஜி.பி. நிலையிலுள்ள காவல் அதிகாரி துறைக்குத் தலைமை வகிப்பது வழக்கம். 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டமும் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறை விதிகளும் நிர்வாகத்தின் அடிப்படை. தண்டனைக் கைதிகளின் விடுப்பு, 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி வழங்கப்படுகிறது.

அமைப்பு

புழலில் இரண்டும் வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் ஒவ்வொன்றுமாக ஒன்பது மத்திய சிறைகள் உள்ளன. புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் பெண்களுக்கான தனிச் சிறைகள் இயங்குகின்றன. இவை தவிர மாவட்டச் சிறைகள், கிளைச் சிறைகள், இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் ஆகியவையும் உண்டு. சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பு போன்ற திறந்தவெளிச் சிறைகளில் நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள் விவசாயம் செய்கின்றனர். சென்னை நகர நடுவே 19ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய பழைய மத்திய சிறை 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டது. புழலில் தண்டனைக் கைதிகளும் விசாரணைக் கைதிகளும் தனித்தனி வளாகங்களில் வைக்கப்படுகின்றனர்.

கைதிகளின் எண்ணிக்கை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகள் கொள்ளளவில் 131.4 விழுக்காடு நிரம்பியிருந்தன, கைதிகளில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். தமிழ்நாட்டில் மொத்த எண்ணிக்கை கொள்ளளவுக்குள்ளேயே இருந்தது. ஆனால் இங்கும் தண்டனைக் கைதிகளைவிட விசாரணைக் கைதிகளே அதிகம். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான குண்டர் சட்டத்தின்படி ஒருவரை விசாரணையின்றி அதிகபட்சம் ஓராண்டு காவலில் வைக்கலாம். இதனால் தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் உள்ளது. ஆட்கொணர்வு மனு விசாரணையில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகள் பலவற்றை ரத்து செய்துள்ளது.

விடுவிப்பு நடைமுறை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதியைச் சிறையிலேயே கழித்துவிட்ட விசாரணைக் கைதியைப் பிணையில் விட வழிசெய்கிறது. முதல்முறைக் குற்றவாளிக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் இதன் பயன் கிடையாது. உரிய காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மீதே சுமத்துகிறது.

பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் நெறிமுறைகள் வகுத்தது. அவற்றின்படி பிணை ஆணை மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்பப்பட வேண்டும். பிணை வழங்கிய தேதி இ-பிரிசன்ஸ் மென்பொருளில் பதிவாக வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியேறாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும். பிணைத்தொகை கட்ட இயலாத ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் உதவும் ஒன்றிய அரசுத் திட்டம் 2023இல் வகுக்கப்பட்டது.

பணியாளர், தொழில், கல்வி

2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர், 200 பேருக்கு ஒரு சீர்திருத்த அலுவலர், 300 பேருக்கு ஒரு மருத்துவர் என அளவு வகுக்கிறது.

1908 முதல் கோவைச் சிறையில் இருந்த வ.உ.சிதம்பரனார் செக்கிழுக்க வைக்கப்பட்டார். சிறை உழைப்பு இன்று கூலியுள்ள தொழிலாக மாறியிருக்கிறது. வேலூரில் தோல் காலணி தயாராகிறது. பிற சிறைகளில் நெசவும் ரொட்டித் தயாரிப்பும் நடக்கின்றன. புழல் அருகே 2023இல் பெண் சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. அதே ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கு வழியாகச் சிறை நூலகங்களுக்குப் புத்தகங்கள் திரட்டப்பட்டன.

சமத்துவமும் பொறுப்புடைமையும்

பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டனர். மோதலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்பது நிர்வாகத்தின் விளக்கம். சென்னை உயர் நீதிமன்றமும் முன்பு அதை ஏற்றது. சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒழுங்கைக் காக்கச் சாதிப் பிரிவினை தேவையென்ற வாதத்தை நிராகரித்தது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக்கான பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. அதே ஆண்டு வேலூர்ச் சிறையின் ஆயுள் கைதி ஒருவர் அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்டதாக எழுந்த புகாரில், உயர் நீதிமன்றம் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது.

மதிப்பீடு

இடநெருக்கடியே பெருஞ்சிக்கலாக உள்ள மாநிலங்களிலிருந்து தமிழ்நாடு வேறுபடுகிறது. இங்கே புதிய கட்டடங்களைவிட விசாரணை, தடுப்புக் காவல் கைதிகள் உள்ளே இருக்கும் காலத்தைக் குறைப்பதே நிர்வாகத் திறனை உயர்த்தும். அதற்கான சட்டமும் மென்பொருளும் உள்ளன. பலன், உரிய நாளில் விண்ணப்பம் நீதிமன்றத்தைச் சேர்வதைப் பொறுத்தது.